சாய்த்து வைத்தால் எத்தனை அடி?

கடைக்கு எதிரே பஸ் நின்று கிளம்பினால் போதும், தம்பி கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டி, "அக்கா, உன் பிளேடு வந்தாச்சு" என்பான்.

பிளேடு என்றால் அந்தக் கடையில் இரண்டு அர்த்தம். ஒன்று, மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற இரும்புப் பலகை. மேட்டைச் சுரண்டி, பள்ளத்தில் தள்ளி, மண்பாதையைச் சமன் செய்வது. இன்னொன்று ஊர் அறிந்தது: உட்கார்ந்தால் எழுந்திருக்காமல், கேட்பவர் காதில் ரத்தம் வரும்வரை பேசுகிற ஆசாமி. வாராவாரம் அந்தப் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் இரண்டுக்கும் பொருந்தினார். முதல் வகையில் ஒன்றை வாங்க வந்து, இரண்டாவது வகையைப் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி அவருக்குப் பிளேடுக்காரர் என்று பெயர் வைத்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா தலையை நிமிர்த்தாமல், "வரட்டுமே, கடைன்னா நாலு பேர் வரத்தானே செய்வாங்க" என்பாள். ஆனால் அந்தப் பஸ்ஸின் ஹாரன் தெருமுனையில் கேட்டபோதே அவள் கை பின்னலை முன்னால் எடுத்துப் போட்டிருக்கும். கவுன்ட்டருக்கு முன்னால் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கால் ஆடாத ஒன்றே ஒன்று மின்விசிறிக்கு நேராக வந்திருக்கும். தம்பிக்குக் கண் நன்றாகவே தெரியும்.

அவளைக் கடைத்தெரு முழுக்க அளவு அக்கா என்றுதான் கூப்பிட்டது. டிராக்டர் உதிரி பாகமும் கருவிகளும் விற்கிற அந்தக் கடைக்குள் யார் காலை வைத்தாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "அளவு என்ன?" என்பதுதான். பெல்ட்டா, அளவு என்ன. பேரிங்கா, அளவு என்ன. ஒருமுறை காய்ச்சலுக்கு ஊசி போட வந்த நர்ஸிடமே கேட்டுவிட்டாள் என்று தம்பி சொல்லிச் சிரிப்பான். அப்பா காலத்திலிருந்தே கவுன்ட்டர் அவளுடையது. வந்த வரன்கள் இரண்டு. ஒன்றை அவளுக்குப் பிடிக்கவில்லை, இன்னொன்றுக்கு அவளைப் பிடிக்கவில்லை. மூன்றாவதுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, கடையில் வேலை இருந்தது. ஐம்பதை நெருங்கும்போது அவள் அதைப் பற்றி யாரிடமும் புலம்பியதில்லை. புலம்பாததால் ஒன்றுமே இல்லை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அவளும் அப்படித்தான் முடிவுகட்டியிருந்தாள், பிளேடுக்காரர் வரும்வரை.

அவர் முதலில் வந்த நாளில் கடையில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. சின்ன டிராக்டர் வைத்திருந்த ஒரு பெரிய மனிதர் ஏழடி பிளேடுதான் வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்.

"உங்க வண்டிக்கு ஏழடி ஆகாது சார். மண்ணு சேரச் சேர பின்னாடி இழுக்கும், முன்சக்கரம் தூக்கிக்கும். ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்காது" என்றாள் அக்கா.

"காசு நான் குடுக்கிறேன், உனக்கென்ன?"

"காசு உங்களுது சார். வண்டி கவுந்தா கேக்கப்போற பேச்சு என்னுது."

அந்த மனிதர் போய்விட்டார். தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான். அப்போதுதான் அவள் கவனித்தாள், வாசல் ஓரமாக ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. தேய்த்த சட்டை. வெயிலில் வெந்து கறுத்த முன்கை, சட்டைக்கை மடிப்புக்கு மேலே மட்டும் நிறம் வேறாக இருந்தது.

"உங்களுக்கு என்ன வேணும் சார்?"

அவர் ஒரு நொடி தயங்கினார். "பிளேடு ஒண்ணு வேணும்மா. பின்னாடி மாட்டுறது."

"அளவு என்ன?"

"அது உங்களுக்குத்தானே தெரியும்."

இந்தப் பதிலை அவளிடம் யாரும் சொன்னதில்லை. வருகிற ஆண்கள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்கவேண்டியதைக் கேட்டாள். வண்டி எத்தனை குதிரைத்திறன்? பின்டயர் இரண்டுக்கும் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் எவ்வளவு? என்ன வேலைக்கு? வேலை அவருக்குத் தெரிந்திருந்தது. கல் குவாரி தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த திருப்பத்தில் ஏறுகிற தனிப்பாதை, கடைசியில் அவருடைய வீடு, பின்னால் கொஞ்சம் பழமரங்கள். மழை வந்தால் பாதை ஓடையாகிவிடும். மற்றதை அளந்துகொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் வந்தார். உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் அளந்திருந்தார்.

"வெளிப்பக்கம் சார், வெளிப்பக்கம்! பிளேடு டயர் தடத்தை மூடணும். இல்லேன்னா நீங்க நிரவின மண்ணு மேலேயே சக்கரம் ஏறி மிதிச்சிட்டுப் போகும்."

"அட, ஆமாம்ல" என்று தலையைச் சொறிந்தார்.

அதற்கடுத்த வாரம் வெளிப்பக்கம் சரியாக அளந்துவந்தார், முன்டயரை. தம்பி கல்லாவுக்குள் குனிந்து சிரித்தான். அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. டீ சொல்லி அனுப்பினாள்.

இப்படியே போனது. பேச்சு பிளேடில் ஆரம்பித்து எங்கெங்கோ போய், பஸ்ஸுக்கு நேரமாகும்போது மறுபடி பிளேடுக்கு வந்து நிற்கும். மனைவி போய்ச் சில வருடங்கள். மகள் தூரத்தில், போனில் மட்டும். "வீட்ல நானும் டிராக்டரும்தான். ரெண்டுல அதுதான் அதிகம் பேசும்" என்றார். முன்பு என்ன வேலை என்று கேட்டதற்கு, "அரசாங்க வண்டி ஓட்டிட்டிருந்தேன்" என்றார். ஏதோ ஜீப், பின்சீட்டில் ஓர் அதிகாரி தூங்கிக்கொண்டு வருகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் அவள் கவனித்தாள். முதல் நாள் அவளை அம்மா என்றார். அடுத்து ஒரு நாள் மேடம். அதன் பிறகு எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. வந்து உட்கார்ந்து நேராகப் பேச்சை எடுத்தார். அவளைவிட மூத்த மெக்கானிக்குகளும் வாயில் வெற்றிடம் இருந்தால் அக்கா என்று நிரப்பிக்கொள்கிற தெரு அது. இவர் ஒருவர் மட்டும் அந்த வார்த்தையைத் தப்பித் தவறிக்கூடச் சொன்னதில்லை. இரவு படுத்த பிறகு அவள் இதை நினைத்துப் பார்ப்பாள். நினைத்துவிட்டு, இந்த வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டு புரண்டு படுப்பாள்.

விஷயம் என்னவென்றால், விடை அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. பின்டயர் அளவு ஒருவழியாக வந்த அன்றே தெரியும். ஆறடி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சொன்னால் அவர் வாங்குவார். வாங்கினால் பிளேடு பத்து வருடம் உழைக்கும். பத்து வருடம் அவருக்கு இந்தப் பக்கம் வேலை இருக்காது.

அதனால், "மண்ணு எப்படி சார், சரளையா களியா?" என்று கேட்டாள். அவர் ஒரு டிபன் டப்பாவில் மண் கொண்டுவந்தார். "பிளேடை வண்டியோட மாட்டுற லிங்க் பின் கனம் எவ்வளவு?" என்றாள். அடுத்த வாரம் அதைக் காகிதத்தில் வட்டமாக வரைந்து எடுத்துவந்தார். மண்ணை அவள் கொட்டவில்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள், மண்ணை ஒரு பழைய கிரீஸ் டின்னில் போட்டுக் கவுன்ட்டருக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு போட்டோ எடுத்து போன்ல அனுப்பச் சொல்லேன் அக்கா, வேலை முடிஞ்சுது" என்றான் தம்பி.

அவரிடம் கேட்டாள். "என் போன்ல கேமரா சரியில்ல" என்றார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

பிறகு காற்று மாறியது. தெருவில் எதிர்க்கடைக்காரர் தார்ப்பாய் வாங்கிக் கட்டினார். பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. அக்கா வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். மழை விழுந்தால் அந்தப் பாதை அறுத்துக்கொண்டு போகும். தெரிந்த அளவை வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஒரு மனிதரை வாராவாரம் பஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறோமே, இதற்கு என்ன பெயர்? வாழ்நாளில் ஒருவருக்கும் அவள் அளவை மறைத்ததில்லை. அந்த வாரம் அவர் வந்து உட்கார்ந்ததும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, யாரோ குடித்துவிட்டுப் போன இரண்டு டீ கிளாஸ்களைக் கவுன்ட்டரில் இடைவெளி விட்டு வைத்தாள். பின்னால் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்தாள்.

"இது ரெண்டும் உங்க பின்டயர். வெளி ஓரம் நாலரை அடி. ஸ்கேல்தான் பிளேடு, அஞ்சடின்னு வைங்க. நேரா இருக்கும்போது ரெண்டு பக்கமும் வெளியே நீட்டிட்டு நிக்குது. போதும்னுதான் தோணும். எல்லாரும் இங்கதான் ஏமாறுவாங்க."

ஸ்கேலைச் சாய்த்தாள். அதன் நுனிகள் கிளாஸ்களின் ஓரத்துக்குள் ஒடுங்கின.

"பாதை வேலைன்னா பிளேடைச் சாய்ச்சுத்தான் ஓட்டணும். அப்பத்தான் ஓரத்து மண்ணு நடுவுக்கு வரும். சாய்ச்சா அஞ்சடி, நாலேகாலுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். டயர் வெளியே வந்துருது பாருங்க. ஆறடின்னா சாய்ச்சாலும் அஞ்சுக்குக் குறையாது. சாய்ச்சு வச்சு எவ்வளவு மிஞ்சுதோ அதுதான் சார் பிளேடோட அளவு."

அவர் ஸ்கேலைப் பார்க்கவில்லை. ஸ்கேலைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆறுதானா?"

"ஆறுதான்."

"வேற ஏதாவது அளந்துட்டு வரணுமா?"

வரணும் என்று சொல்ல நாக்கு துடித்தது. "வேண்டாம் சார். மழை வருது. சீக்கிரம் வாங்கிடுங்க. குடோன்ல சொல்லி உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கிறேன்."

அன்றைக்கு அவருக்கு வந்த டீ ஏடு கட்டிக் கிடந்தது. "சரி, வண்டி ஏற்பாடு பண்ணிட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

அப்புறம் வரவில்லை.

ஆறடி பிளேடு குடோனிலிருந்து வந்து கடை வாசலில் சாய்ந்து நின்றது. வருகிறவர் போகிறவர் முழங்காலை எல்லாம் பதம் பார்த்தது. பஸ் வந்தது, நின்றது, யார் யாரோ இறங்கினார்கள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி சும்மா இருந்தது. மழை வந்து, கொட்டி, ஓய்ந்து, மறுபடி வந்தது. தம்பி கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டுவதை நிறுத்திவிட்டான். கேலி செய்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு எரிச்சல் வந்ததில்லை.

அவர் எண் இருந்தது. ஒருமுறை அழுத்தி, மணி அடிக்குமுன் நிறுத்தினாள். கூப்பிட்டு என்ன சொல்வது? சார், உங்கள் பிளேடு வந்துவிட்டது என்றால் வியாபாரம். நீங்கள் ஏன் வரவில்லை என்றால் அது வேறு. முதலாவதைச் சொல்லப்போய் இரண்டாவது வாயில் வந்துவிடும் என்று பயந்தாள். கவுன்ட்டருக்கு அடியில் குனியும்போதெல்லாம் கிரீஸ் டின்னில் இருந்த மண் கண்ணில் பட்டது. சிவந்த, பொடிக்கல் கலந்த சாதாரண மண். அதைத் தூக்கிக் கொட்ட மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

"அக்கா, ஒருத்தர் ஆறடி கேட்டு வந்திருக்கார். இதைக் குடுத்துடலாமா?" என்றான் தம்பி ஒருநாள்.

"அது ஒருத்தருக்குன்னு எடுத்து வச்சது."

"அவர் வேற கடையில வாங்கியிருப்பாருக்கா." குரலை இறக்கித்தான் சொன்னான். "அளவை மட்டும் இங்க கேட்டுக்கிட்டு அங்க போய் வாங்கறவங்க எத்தனை பேர், உனக்குத் தெரியாததா?"

தெரியாததா என்ன. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. அவள் எழுந்து, டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "வேன்காரரைக் கூப்பிடு. நானே கொண்டுபோய்க் கேட்டுட்டு வந்துடறேன்." கவுன்ட்டரை விட்டு அவள் டெலிவரிக்குப் போனதே கிடையாது. தம்பி பிளேடை வேனில் ஏற்ற ஒரு கை கொடுத்தான்.

கல் குவாரி தாண்டியது. தண்ணீர்த் தொட்டி தாண்டியது. எத்தனை வாரம் கேட்ட வழி, வேன்காரருக்கு அவள்தான் கை காட்டினாள். திருப்பத்தில் வண்டி ஏறியதும் அவர் விசிலடித்தார்.

"என்னா ரோடுக்கா இது! மெயின் ரோடுகூட இப்படி இல்ல."

பாதை நடுவில் லேசாக உயர்ந்து, இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சரிந்திருந்தது. அத்தனை மழைக்கும் ஒரு குழி இல்லை, ஒரு தேக்கம் இல்லை. ஓரத்து வாய்க்காலில் தண்ணீர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. இது சாய்த்து ஓட்டிய பிளேடின் வேலை. டயர் எங்கும் மண்ணை மிதிக்கவில்லை. சரியான அளவு.

வாங்கிவிட்டார். வேறு எங்கோ வாங்கிவிட்டார். அவள் கிளாஸ் வைத்துச் சொல்லிக்கொடுத்த அளவை இன்னொரு கவுன்ட்டரில் போய்ச் சொல்லி வாங்கியிருக்கிறார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

"திருப்புங்க, போயிடலாம்."

"எங்க திருப்பறது? வேன் அகலம்தான் இருக்கு. மேல போய்த்தான் திருப்பணும்."

மேலே போனார்கள். சிறிய ஓட்டு வீடு. பக்கத்தில் தகரக் கொட்டகை. அவர் கிரீஸ் கன்னும் கையுமாக டிராக்டருக்குப் பின்னால் குந்தியிருந்தார். வேனைப் பார்த்தார், அதில் இருந்த பிளேடைப் பார்த்தார், இறங்குகிற அவளைப் பார்த்தார். சட்டென்று எழுந்து, தன் டிராக்டரில் மாட்டியிருந்ததை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். ஆறடி பிளேடை நிற்கிற மனிதரால் மறைக்க முடியுமா? குறுக்கே படுத்திருந்தாலாவது மறைந்திருக்கும்.

"நகருங்க சார்."

நகர்ந்தார். அவள் குனிந்து பார்த்தாள். புதிய பிளேடு இல்லை. பெயின்ட் போய், கீல் துருப்பிடித்து, இரண்டு இடத்தில் பற்றவைத்த தழும்போடு, எத்தனையோ மழை பார்த்த பிளேடு. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இது எப்ப வாங்கினது?"

"டிராக்டர் வாங்கும்போதே கூட வந்தது."

"எத்தனை அடி?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆறு" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். கொட்டகைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஆள் உயரச் சக்கரங்கள், வயிற்றுக்கடியில் நீளமான பிளேடு, ரோடு போடுகிற கிரேடர் வண்டி. மேலே உட்கார்ந்து மீசையோடு சிரிக்கிற இளைஞர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. அரசாங்க வண்டி!

"வாழ்நாள் பூரா பிளேடு பிடிச்ச ஆளுக்கா நான் டம்ளர் வச்சுப் பாடம் எடுத்தேன்?"

"நல்லாத்தான் எடுத்தீங்க. எனக்கு யாரும் அவ்வளவு அழகா சொல்லிக் குடுத்ததில்ல."

"டயரை உள்பக்கமா அளந்துட்டு வந்தது?"

"சரியா அளந்தா அப்பவே முடிஞ்சிருக்குமே."

"இத்தனை வாரமா எனக்கே பிளேடு போட்டிருக்கீங்க!"

"ஆமா" என்றார் அவர். பிறகு, கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "முதல் நாள் ஒரு போல்ட்டு வாங்கத்தான் வந்தேன். நீங்க அந்த ஏழடிக்காரர்கிட்ட பேசினதைக் கேட்டுட்டு நின்னேன். போல்ட்டுன்னா ரெண்டு நிமிஷத்துல குடுத்து அனுப்பிடுவீங்க. பிளேடுன்னா கொஞ்ச நேரம் பேசலாம்னு தோணுச்சு."

வேன்காரர் ரொம்ப அக்கறையாக ஒரு மாமரத்தைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்.

"அப்புறம் ஏன் வரல?" அவள் குரல் அவளுக்கே அடங்கவில்லை.

"நீங்கதான் அளவைச் சொல்லிட்டீங்களே. அதுக்கு மேல கேக்க என்ன இருக்கு? வேற எதைச் சொல்லிக்கிட்டு வர்றது? சும்மா வர்றதுக்கு எனக்கு தைரியம் இல்ல."

"எனக்கு அந்த அளவு எப்பவோ தெரியும்." சொல்லிவிட்டாள். இனிமேல் என்ன. "மழை வந்துடும்னு பயந்துதான் சொன்னேன். இல்லேன்னா இன்னும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். மீசை நரைத்திருந்தது, சிரிப்பு அந்தப் படத்தில் இருந்ததுதான். இரண்டு பேருக்கும் அடுத்து எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் பிளேடைப் பார்த்தாள். பார்க்கிற கண் பழக்கப்பட்ட கண், சும்மா இருக்கவில்லை. மண்ணைச் சுரண்டுகிற அடித்தகடு தேய்ந்து, ஓரம் வழுக்கையாகி இருந்தது.

"இந்த அடித்தகடு போயிடுச்சு. மாத்தணும்."

"மாத்தணும்தான். ஓட்டைக்கு ஓட்டை இடைவெளி பார்க்கணும் இல்ல?" அவர் அவள் பையைக் காட்டினார். டேப்பின் மஞ்சள் முனை வெளியே தெரிந்தது. "கையிலயே இருக்கே, இப்பவே அளந்துடலாம்."

அவள் டேப்பை உள்ளே தள்ளிப் பையின் ஜிப்பை இழுத்தாள்.

"இது கடை டேப். நீங்க அளந்துட்டு வாங்க. வாரத்துக்கு ஒரு ஓட்டை போதும்."

ஆறடி பிளேடு வந்த வழியே வேனில் திரும்பியது. மறுநாள் தம்பி அதை, கேட்டு வந்தவருக்குக் கொடுத்துவிடலாம். அந்த நல்ல பாதையில் வேன் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறங்கியது. அக்கா கண்ணை மூடி, அந்தத் தகட்டில் இருந்த ஓட்டைகளை ஒருமுறை எண்ணினாள். போதவில்லை என்று மறுபடி எண்ணினாள். எட்டுதான் இருந்தன.